ஏரி நாட்டில் ஒரு நாள்

நாட்டைக் காண்பதற்குப் பல வழிகள் உண்டு. புகைவண்டியில் செல்பவர் சாளரத்தின் வழியே நாட்டைக் காண்கிறார். ஆனால் வேண்டிய இடத்தில் இறங்க அவரால் இயலாது. பேருந்தில் செல்பவர் ஊர்களின் கடைத்தெருக்களை மட்டுமே காண்கிறார். நடந்து செல்பவர் எல்லாவற்றையும் காண்கிறார். ஆயினும் ஒரு நாளில் அவர் கடக்கும் தொலைவு சிறிது. வாடகை வண்டி ஒன்றை அமர்த்திக்கொண்டு, வழியறிந்த ஓட்டுநர் ஒருவரின் துணையுடன் செல்வது இவற்றுக்கு இடைப்பட்ட வழி. விரும்பிய இடத்தில் நிற்கலாம். ஐயம் தோன்றினால் கேட்கலாம். ஓட்டுநர் அந்த மண்ணிலேயே பிறந்தவராக இருந்துவிட்டால் வேறு வழிகாட்டியும் வேண்டா. கையில் நூலும் வேண்டா.

'உள்ளூர் மாடு விலைபோகாது' என்பது பழமொழி. மாட்டுக்கு மட்டுமன்று, மண்ணுக்கும் அது பொருந்தும். தொலைவில் உள்ள பனிமலைகளையும் அருவிகளையும் காண ஆயிரக்கணக்கில் பொருள் செலவிடுகிறோம். நம் வீட்டுக்கு மேற்கே பத்துக் கல் தொலைவில் என்ன இருக்கிறது என்று கேட்டால் விடை கூறத் தயங்குகிறோம். இக்குறையைப் போக்கிக்கொள்ளும் விருப்பத்தால், குடியரசு நாளுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையன்று பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் ஊர்ப்புறங்களைக் கண்டுவரப் புறப்பட்டேன்.

நான் வாழும் ஊர் திருமுடிவாக்கம். அது சென்னைக்குத் தெற்கே, பல்லாவரத்துக்கும் குன்றத்தூருக்கும் இடையில் உள்ளது. ஒரு காலத்தில் நெல் வயல்கள் சூழ்ந்திருந்த ஊர். இன்று தொழிற்பேட்டையால் பெயர் பெற்றிருக்கிறது. பகலெல்லாம் பட்டறைகளின் ஓசை கேட்கும். அதிகாலையில் மட்டும் அமைதி நிலவும். அந்த அமைதியான வேளையில் வாடகை வண்டி என் வீட்டு வாயிலில் வந்து நின்றது.

ஓட்டுநர் ஏறத்தாழ நாற்பது வயதினர். உத்தரமேரூருக்குத் தெற்கே உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவர். வாரத்தில் ஆறு நாள் தொழிற்சாலைப் பணியாளர்களை ஏற்றிச் செல்பவர். ஏழாம் நாளில் இவ்வாறு வெளியூர்ப் பயணத்துக்கு வருபவர். "எந்தக் கோயிலுக்குப் போக வேண்டும், ஐயா?" என்று அவர் கேட்டார்.

"கோயிலையும் காண்போம், தம்பி. ஆனால் நான் முதன்மையாகக் காண விரும்புவது ஏரிகளை" என்றேன்.

அவர் என்னைத் திரும்பி நோக்கினார். "ஏரியைப் பார்ப்பதற்கு வண்டி வைத்துக்கொண்டு வரும் முதல் ஆள் நீங்கள்தாம்" என்று கூறிப் புன்னகை செய்தார்.

வண்டி குன்றத்தூரை அடைந்தபோது கதிரவன் எழுந்துகொண்டிருந்தான். குன்றத்தூர் சேக்கிழார் பெருமான் பிறந்த ஊர். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் அமைச்சராக விளங்கி, நாயன்மார் அறுபத்துமூவரின் வரலாற்றைப் பெரியபுராணமாகப் பாடியவர் அவர். சோழ நாட்டுத் திருநாகேச்சுரத்தின்பால் பேரன்பு கொண்ட அவர், தம் ஊரிலும் அப்பெயரால் ஒரு கோயிலை எழுப்பினார். அக்கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. ஊரின் நடுவே உள்ள குன்றின்மேல் முருகன் கோயில் இருக்கிறது. படியேறி மேலே நின்று மேற்கே நோக்கினேன். வீடுகளுக்கும் மரங்களுக்கும் அப்பால் வெள்ளித் தகடுபோல் நீர்ப்பரப்பு ஒன்று ஒளிர்ந்தது. "அதுதான் செம்பரம்பாக்கம்" என்றார் ஓட்டுநர்.

சிறிது நேரத்தில் அந்த ஏரிக்கரையின் அருகே நின்றோம். நீர்ப்பரப்பின் மறுகரை கண்ணுக்கு எட்டவில்லை. காற்று வீசும்போதெல்லாம் சிற்றலைகள் கரைக்கற்களில் மோதின. இந்த ஏரி நிறைந்தால் 24 அடி ஆழத்துக்கு நீர் நிற்கும். அதன் கொள்ளளவு 364 கோடி கன அடிக்கும் சற்று மிகுதி. திருப்பெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஆகிய ஏரிகளின் மிகுநீர் இதனை வந்தடைகிறது. முன்னாளில் வயல்களுக்குப் பாய்ந்த நீர், இன்று பெரும்பாலும் சென்னை மக்களின் குடிநீராகிறது. நாள்தோறும் 53 கோடி லிட்டர் நீரைத் தூய்மை செய்யவல்ல நிலையம் ஒன்று 2007ஆம் ஆண்டு முதல் இங்கு இயங்கி வருகிறது.

"ஏரிக்கு உறுப்புகள் நான்கு, ஐயா" என்று ஓட்டுநர் தொடங்கினார். "நீரைக் கொண்டுவருவது வரத்துக்கால். நீரைத் தடுத்து நிறுத்துவது கரை. வேண்டும்போது வேண்டிய அளவு நீரை வெளியே விடுவது மதகு. மிகுந்த நீர் கரையை உடைத்துவிடாமல் தானே வழிந்தோட இடம் தருவது கலங்கல். மனிதனுக்கு வாயும் வயிறும் போல ஏரிக்கு இவை. எது கெட்டாலும் ஏரி நோயாளிதான்."

ஏரியைப் பற்றி நான் நூல்களில் படித்தவற்றை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குக் கூறியதில்லை.

அந்த நீர்ப்பரப்பைக் கண்டபோது இரண்டு ஆண்டுகள் என் நினைவுக்கு வந்தன. ஒன்று 2015. அவ்வாண்டு டிசம்பர்த் திங்கள் முதல் இரண்டு நாட்களில் பெய்த பெருமழையால் ஏரி நிரம்பியது. நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. இந்த ஏரியின் மிகுநீர் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை ஆகிய ஊர்களின் வழியாகச் சென்று அடையாற்றில் கலப்பது. எனவே அந்த நாட்களில் எங்கள் ஊரும் வெள்ளத்தின் வழியில் இருந்தது. அடையாற்றின் இருகரையிலும் வீடுகள் மூழ்கின. உயிர்கள் பல மாண்டன. மற்றொன்று 2019. அவ்வாண்டுக் கோடையில் இதே ஏரி வறண்டு, அடித்தளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. குடிநீர்க் குடங்களுடன் மக்கள் நள்ளிரவிலும் வரிசையில் நின்றனர். நான்கே ஆண்டு இடைவெளியில் ஒரே ஏரி வெள்ளத்தையும் வறட்சியையும் காட்டிவிட்டது. மிகுதியாகப் பெய்யும்போது பிடித்துவைக்க இடமும், பெய்யாதபோது எடுத்து வழங்கச் சேமிப்பும் இல்லாவிட்டால், எந்த நாட்டுக்கும் இந்நிலை நேரும்.

செம்பரம்பாக்கத்தை விட்டுத் திருப்பெரும்புதூரை நோக்கிச் சென்றோம். வைணவப் பேராசான் இராமானுசர் 1017ஆம் ஆண்டில் தோன்றிய ஊர் அது. அவர் பிறந்த ஊரைச் சூழ இன்று மோட்டார் வண்டிகளும் மின்னணுப் பொருள்களும் செய்யும் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் நீண்ட மதில்கள் தெரிந்தன. அவற்றுக்கு இடையிடையே சிறு சிறு ஏரிகளும் காட்சியளித்தன. சிலவற்றில் நீர் நிறைந்திருந்தது. சிலவற்றில் சீமைக் கருவேல மரங்களே நிறைந்திருந்தன.

"இந்தத் தொழிற்சாலைகள் வந்ததால் என்னைப் போன்றவர்களுக்குப் பிழைப்புக் கிடைத்தது. அதை நான் மறக்கமாட்டேன். என் மகள் கல்லூரியில் படிக்கிறாள், அது இந்த வண்டி கொடுத்த படிப்பு" என்றார் ஓட்டுநர். சிறிது நேரம் கழித்து, "ஆனால் வண்டி நெல் விளைவிக்காது, ஐயா" என்றும் கூறினார்.

சுங்குவார்ச்சத்திரத்தைக் கடந்து, தென்னேரியைக் கண்டு, வாலாசாபாத்தை நோக்கிச் சென்றோம். இப்போது காட்சி மாறியது. மதில்கள் மறைந்தன, வயல்கள் தோன்றின. தை மாதமாதலால் சில வயல்களில் கதிர்கள் சாய்ந்து கிடந்தன. சிலவற்றில் அறுவடை முடிந்து வைக்கோல் பரந்திருந்தது. அறுவடை இயந்திரம் ஒன்று பெருத்த ஓசையுடன் ஒரு வயலை அறுத்துக்கொண்டிருந்தது. அதன் பின்னால் வெண்கொக்குகள் கூட்டமாக நடந்து சென்று, வெளிப்பட்ட பூச்சிகளைக் கொத்தித் தின்றன. பனை மரங்கள் வரப்புகளில் வரிசையாக நின்றன. ஓரிடத்தில் சாலையிலேயே நெல்லைப் பரப்பி உலர்த்தியிருந்தனர். ஓட்டுநர் ஒரு மணிகூடச் சக்கரத்தில் படாதவாறு வண்டியை ஓரமாக ஒதுக்கி மெல்லச் செலுத்தினார்.

இந்த நாட்டின் ஏரிகளுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அவை தனித்தனியாக அமைந்தவை அல்ல. மேட்டில் உள்ள ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்குச் செல்லும். இவ்வாறு ஒன்றோடொன்று தொடர்ந்து, இறுதியில் ஆற்றையோ கடலையோ அடையும். வற்றாத பேராறு இல்லாத தொண்டை நாட்டில், வடகிழக்குப் பருவமழையை ஓரிரு திங்கள்களில் பிடித்து, ஆண்டு முழுவதும் பயன்படுத்த முன்னோர் கண்ட வழி இது. இவ்வளவு ஏரிகள் நிறைந்திருந்தமையால் செங்கற்பட்டு மாவட்டம் 'ஏரி மாவட்டம்' என்றே அழைக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டில் ஆட்சி வசதிக்காகக் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கற்பட்டு தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. ஆனால் தண்ணீருக்கு மாவட்ட எல்லை தெரியாது. அது தாழ்ந்த இடத்தை மட்டுமே அறியும்.

வாலாசாபாத்தை அடுத்துப் பாலாற்றைக் கடந்தோம். ஆறு மிக அகலமானது. ஆயினும் அதன் ஒரு பகுதியில் மட்டும் சிறு ஓடை போல் நீர் ஓடியது. எஞ்சிய இடமெல்லாம் மணலும் நாணலுமே. கண்ணுக்குத் தெரியும் நீர் சிறிதாயினும், மணலின் அடியில் ஊறும் நீர் நெடுங்காலம் இப்பகுதியைக் காத்துவந்தது. மணலை அளவின்றி அள்ளிய இடங்களில் அந்த ஊற்றும் ஆழத்துக்குச் சென்றுவிட்டது. பாலத்தின் மறுபுறத்தில் ஒரு புளிய மரத்தின் நிழலில் வண்டியை நிறுத்தினோம். ஓட்டுநர் வீட்டிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சம்பழச் சோற்றை இரு பங்காக்கி எனக்கும் ஒரு பங்கு தந்தார். நான் கொண்டுவந்திருந்த இட்டலியை அவருக்கு அளித்தேன்.

நண்பகலில் உத்தரமேரூரை அடைந்தோம். ஊர் நடுவே வைகுந்தப் பெருமாள் கோயில் இருக்கிறது. கோயிலின் மண்டபச் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளே இவ்வூரின் பெயரை உலகெங்கும் பரப்பியவை. முதற் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டான 919இலும், 14ஆம் ஆட்சியாண்டான 921இலும் வெட்டப்பட்டவை அவை. ஊரை ஆளும் வாரியங்களுக்கு உறுப்பினரை எவ்வாறு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை அவை விளக்குகின்றன.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். சபையோர் கூடியிருக்க, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுக்கச் செய்தனர். இதுவே குடவோலை முறை. இவ்வாறு தேர்ந்தவர்களிலிருந்து ஆண்டு வாரியத்துக்குப் பன்னிருவரும், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவரும், ஏரி வாரியத்துக்கு அறுவரும் அமைந்தனர். அவர்களின் பதவிக் காலம் 360 நாட்கள். 921ஆம் ஆண்டு விதியின்படி உறுப்பினர் 35 வயதுக்கு மேற்பட்டவராகவும் 70 வயதுக்கு உட்பட்டவராகவும் இருத்தல் வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர், மீண்டும் உறுப்பினராக இயலாது. அவருக்கு மட்டுமன்று, அவருடைய நெருங்கிய உறவினர்க்கும் அத்தடை உண்டு.

இது அனைவர்க்கும் உரிய தேர்தல் அன்று என்பதையும் நாம் அறிதல் வேண்டும். சொந்த நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்களின் சபை அது. பெண்களுக்கோ, நிலமற்றோர்க்கோ அதில் இடமில்லை. வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை என்பது நம் காலத்துப் பேறு. ஆயினும், ஏரியைக் காப்பதற்கென்றே ஒரு வாரியம் வேண்டும், அதன் கணக்கு அனைவர்க்கும் தெரிதல் வேண்டும் என்று ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எண்ணினார்களே, அது பெரிது.

ஓட்டுநர் இந்த ஊரின் வழியாக நூறு முறை சென்றவர். கல்வெட்டின் அருகில் இவ்வளவு நேரம் நின்றது அன்றுதான். நான் கூறியவற்றை அவர் கூர்ந்து கேட்டார். "ஏரிக்கென்று ஆறு பேரா?" என்று வினவினார். "ஆம்" என்றேன். "கணக்குக் காட்டாவிட்டால் உறவினருக்கும் இடமில்லையா?" என்று மீண்டும் வினவினார். "ஆம்" என்றேன். அவர் அந்தச் சுவரை நீண்ட நேரம் நோக்கிக்கொண்டு நின்றார்.

உத்தரமேரூரின் பெரிய ஏரியைக் கல்வெட்டுகள் 'வைரமேக தடாகம்' என்று குறிக்கின்றன. பல்லவர் காலத்தது அது. பிற நாடுகளிலும் இத்தகைய பழைய நீர்ப்பணிகள் உண்டு. சீன நாட்டின் சிச்சுவான் மாநிலத்தில் லீ பிங் என்னும் ஆட்சியாளர் கி. மு. 3ஆம் நூற்றாண்டில் மின் ஆற்று நீரைப் பிரித்து வயல்களுக்குத் திருப்பினார். அந்த அமைப்பு இன்றும் பயன் தருகிறது. இலங்கையின் பொலன்னறுவையில் 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு மன்னன் அமைத்த பராக்கிரம சமுத்திரத்தில் இன்றும் நீர் நிற்கிறது. ஆண்டுகள் கடந்தும் இவை நிலைத்திருப்பதற்குக் காரணம் கல்லின் வலிமை மட்டுமன்று. தூர் வாரியும் கரை கட்டியும் வந்த எண்ணற்ற மக்களின் கைகளே காரணம்.

உத்தரமேரூரை விட்டுப் புறப்பட்ட சிறிது நேரத்தில் ஓட்டுநர் வண்டியின் விரைவைக் குறைத்தார். "ஐயா, அனுமதி தந்தால் என் ஊரைக் காட்டுகிறேன். அதிக நேரம் ஆகாது" என்றார். நான் மகிழ்ச்சியுடன் இசைந்தேன்.

சாலையிலிருந்து பிரிந்து ஒரு மண்பாதையில் சென்றோம். அங்கே ஒரு சிறிய ஏரி இருந்தது. கரைமேல் பனைகளும் வேம்புகளும் நின்றன. பழைய கல் மதகு ஒன்று பாதி மூழ்கியிருந்தது. ஓட்டுநர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரைமேல் ஏறினார்.

"என் தாத்தா இந்த ஏரியின் கம்புகட்டி. மதகைத் திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் விடவேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். பெரிய நிலக்காரர் வயலானாலும், விதவைத் தாயின் கால் காணியானாலும் முறை வந்தால்தான் நீர். அறுவடையின்போது ஒவ்வொரு களத்திலும் அவருக்கு நெல் அளப்பார்கள். கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வரத்துக்காலைத் தூர் வாருவார்கள். அதற்குக் குடிமராமத்து என்று பெயர்" என்று அவர் கூறினார்.

பிறகு கையை நீட்டி, ஏரிக்கு வடக்கே ஒரு சிறு நிலத்தைக் காட்டினார். அரை ஏக்கருக்கு மேல் இராது. அதன் ஓரமாக ஒரு கால்வாய் சென்றது. அதில் கோரைப் புல் வளர்ந்திருந்தது. கால்வாய்க்கு அப்பால் செங்கற்களை நட்டு, வெள்ளையடித்து, மனைகளாகப் பிரித்திருந்தனர்.

"அந்த நிலம் எனக்குத் தந்தை விட்டுச் சென்றது. மனை விற்பவர்கள் அதை விலைக்குக் கேட்கிறார்கள். நல்ல விலைதான். மகள் படிப்பை முடிக்கலாம். இந்த வண்டியின் கடனையும் அடைக்கலாம். ஆனால் அவர்களுக்கு என் நிலம் முக்கியமன்று. அதையும் கால்வாயையும் சேர்த்து மேடாக்கினால் மனைகளுக்குச் சாலை கிடைத்துவிடும். அந்தக் கால்வாய்தான் இந்த ஏரியின் வரத்துக்கால்" என்றார்.

நான் மறுமொழி கூறவில்லை. மகளின் படிப்பு ஒருபுறம். ஓர் ஊரின் ஏரி மறுபுறம். வெளியூரிலிருந்து வண்டியில் வந்து இறங்கியவன் எளிதில் அறிவுரை கூறிவிடலாம். ஆனால் கடனுக்குத் தவணை கட்டுபவர் அவர் அல்லரோ? அவர் கரையின்மீது சிறிது தூரம் நடந்து சென்று, மதகின் அருகில் குனிந்து ஒரு கை நீரை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினார். பிறகு நாங்கள் புறப்பட்டோம்.

மாலையில் வேடந்தாங்கலை அடைந்தோம். 'வேடர் தங்கிய இடம்' என்பது அவ்வூர்ப் பெயரின் பொருள். வேடரின் பெயரைத் தாங்கிய ஊர் பறவைகளின் புகலிடமாக மாறியது வியப்புக்கு உரியது. ஏறத்தாழ 74 ஏக்கர் பரப்புள்ள ஏரி அது. நீருக்குள்ளேயே மரங்கள் நிற்கின்றன. ஒவ்வொரு மரமும் பறவைகளால் பூத்தது போல் தோன்றியது. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா என எத்தனை வகை! சில பறவைகள் சுள்ளிகளைக் கவ்வி வந்து கூடு கட்டின. சில குஞ்சுகளுக்கு இரை ஊட்டின. கதிரவன் சாயச் சாய, வயல்களுக்குச் சென்றிருந்த பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பின. வானம் சிறகுகளின் ஓசையால் நிறைந்தது.

இப்பறவைகளை முதலில் காத்தவர் அரசினர் அல்லர், ஊர் மக்களே. பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கலக்கிறது. அந்த நீர் பாயும் வயலுக்கு அதுவே எரு. இதனை அறிந்த உழவர்கள், பறவைகளை வேட்டையாடுவதை எதிர்த்து நின்றனர். 1798ஆம் ஆண்டில் செங்கற்பட்டு ஆட்சித் தலைவரிடம் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் பெற்றனர். 1936இல் அரசு இதனைப் பறவைப் புகலிடமாக ஏற்றது. 2022ஆம் ஆண்டில் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் வேடந்தாங்கல் இடம்பெற்றது. உழவர் பறவைக்கு இடம் தந்தனர். பறவை உழவர்க்கு எரு தந்தது. ஒரு சிற்றூர் தன் நன்மையைத் தானே ஆராய்ந்து, அதற்காக உறுதியுடன் நின்றதன் பயனை, இன்று உலகம் வந்து காண்கிறது.

மதுராந்தகத்தை அடைந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. அங்குள்ள இராமர் கோயிலுக்கு 'ஏரி காத்த இராமர்' கோயில் என்று பெயர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லயனல் பிளேசு என்னும் ஆங்கிலேயர் செங்கற்பட்டின் ஆட்சித் தலைவராக இருந்தார். அடைமழையால் ஏரிக்கரை உடையும் நிலை வந்த ஓர் இரவில், இராமரும் இலக்குவரும் வில்லேந்திக் கரையைக் காத்து நின்றதை அவர் கண்டார் என்று மக்கள் வழிவழியாகக் கூறி வருகின்றனர். இந்தக் கதையில் எனக்குச் சிறப்பாகத் தோன்றியது ஒன்று. மக்கள் தங்கள் இறைவனுக்குத் தந்த பணி ஏரிக்காவல்! ஏரிக்கரையில் இரவெல்லாம் விழித்திருப்பதைவிட உயர்ந்த தொண்டு வேறொன்றை அவர்களால் எண்ணிப் பார்க்க இயலவில்லை போலும்.

திரும்பும் வழியில் ஓட்டுநர் நெடுநேரம் பேசவில்லை. செங்கற்பட்டில் கொளவாய் ஏரியின் அருகே வண்டி செல்லும்போது, "ஐயா, நிலத்தை விற்பதும் விற்காததும் என் உரிமை. ஆனால் வரத்துக்கால் என்னுடையது அன்று, ஊருடையது. அதை விற்க எனக்கு உரிமை இல்லை" என்றார். சற்றுப் பொறுத்து, "வருகிற 26ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. நான் இதுவரை போனதில்லை, அன்று வண்டிக்கு விடுமுறை" என்றார். பெருங்களத்தூரில் புறவழிச் சாலையில் ஏறி, இரவு ஒன்பது மணிக்குத் திருமுடிவாக்கத்தை அடைந்தோம்.

பிப்ரவரித் திங்கள் முதல் வாரத்தில் அவர் தொலைபேசியில் என்னை அழைத்தார். கிராம சபையில் அவர் எழுந்து பேசியிருக்கிறார். வரத்துக்காலை அளந்து எல்லைக் கல் நடவேண்டும் என்று சபை தீர்மானம் செய்திருக்கிறது. அளவைப் பணி இனித்தான் நடைபெற வேண்டும். நிலத்தை அவர் விற்கவில்லை. விற்கமாட்டேன் என்று உறுதியும் கூறவில்லை. "கால்வாய்க்குக் கல் நட்ட பிறகு நிலத்தைப் பற்றி யோசிப்பேன், ஐயா. அதற்குப் பிறகு யார் வாங்கினாலும் தண்ணீருக்கு வழி இருக்கும்" என்றார்.

மாணவர்களே! உங்கள் ஊரிலும் ஓர் ஏரியோ குளமோ இருக்கும். இல்லையெனில், முன்பு இருந்த இடமேனும் இருக்கும். அதற்கு நீர் எங்கிருந்து வருகிறது, நிரம்பினால் எங்கே செல்கிறது என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை தேடுங்கள். பாட நூலில் அவ்விடை கிடைக்காது. ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள்; மழைக்காலத்தில் கால்வாயின் வழியே நடந்து பாருங்கள். குடவோலை எடுக்க அன்று ஒரு சிறுவனை அழைத்தார்கள். இன்று உங்களுக்குப் பதினெட்டு வயது நிரம்பியதும், உங்கள் ஊர்க் கிராம சபையில் அமர்ந்து பேசும் உரிமை உங்களைத் தேடி வரும். அந்த நாளில் பேசுவதற்கு உங்களிடம் செய்தி இருத்தல் வேண்டும்.